மூன்றாவது துள்ளல்

விமானம் ஓட்டப் பழக்கும் பயிற்சி நிலையத்தின் உள் அறிக்கையில் காரணம் என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு வரிதான் இருந்தது: மாணவரின் பிழையான தரையிறக்கம். அந்தத் தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்து மாங்குளம் சந்தியில் இறங்கினான் என் மருமகன். அங்கிருந்து மல்லாவி பஸ். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை என்று அக்கா போனில் சொன்னா. உடம்பில் காயம் என்று சொல்ல இடது தோளில் ஒரு கண்டல் மட்டும். இருக்கைப் பட்டி இறுக்கின தடம்.

நான் 19 வருடம் வளைகுடாவில், சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் வேலை செய்தவன். இப்போது ஓமந்தையில் இருக்கிறேன். அக்காவின் போன் வந்த அடுத்த நாளே மல்லாவிக்குப் போய் மூன்று நாள் நின்றேன். அவனோடு கதைத்ததையும், அவன் போனில் இருந்த படங்களில் பார்த்ததையும், வவுனிக்குளக் கட்டில் இருந்து போட்ட கணக்குகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவன் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது, ஏனென்றால் யாரையும் கூண்டில் ஏற்றுவது என் வேலை இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பும் அதையே சொல்கிறது: விபத்து விசாரணைக்கு ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது; பழியைப் பங்கு போடுவது விசாரணையின் வேலை அல்ல.

அந்த நோக்கத்தோடு பார்த்தால், ஒரு வரி அறிக்கையால் ஒருவருக்கும் பயனில்லை. பிழையான தரையிறக்கம் என்பது நடந்த விஷயத்தின் பெயர். ஏன் நடந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. சிறிய விமானங்களில் அதிகம் நடக்கிற விபத்தே தரையிறக்கத்தில்தான். உயிர் போவது மிகக் குறைவு. அதனாலேயே மூக்கை நிமிர்த்தி, புரொப்பெல்லரை மாற்றி, காப்புறுதிக்கு எழுதிவிட்டு எல்லாரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த பிள்ளை அதே இடத்தில் அதே மாதிரித் துள்ளுகிறது.

முதலில் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவன் 2004இல் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் என்றால் பங்கருக்குள் ஓடுவது. கிபிர் என்ற குண்டுவீச்சு விமானத்துக்கு ஒரு ஓட்டம். வண்டு என்று நாங்கள் சொல்லும் வேவு விமானம் சுற்றினால் மரத்தின் கீழ் ஒதுங்குவது. என் அம்மா, அவனுடைய அம்மம்மா, இப்பவும் மேலே ஏதாவது இரைந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பா. அந்த வீட்டிலிருந்து ஒரு பெடியன் பைலட் ஆகப்போகிறேன் என்றபோது அவ மறுப்பொன்றும் சொல்லவில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி மட்டும் வைத்தா. இரணைமடுவிலும் வவுனியாவிலும் ஓடுபாதை இருக்கிறது, இரண்டும் விமானப்படைத் தளங்கள். அவன் தெற்குக்குத்தான் போகவேண்டியிருந்தது. அத்தான் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் இரண்டு ஏக்கரை ஈடு வைத்தார். பறப்புக்குக் காசு மணிக்கணக்கு. எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் பில்லில் ஏறும். இந்த விபரங்கள் எல்லாம் காரணத்தோடு சம்பந்தப்பட்டவை.

அன்று காலை

விமானம் செஸ்னா 152. இரண்டு பேர் தோளோடு தோள் முட்ட இருக்கிற, உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பாவிக்கிற விமானம். 1977 முதல் 1985 வரை செய்தார்கள், இன்றைக்கும் பறக்கின்றன. முழுச் சுமையோடும் 757 கிலோதான். முன்னுக்கு ஒரு சக்கரம், இறக்கைக்குக் கீழே பின்னுக்கு இரண்டு.

அவனுக்கு மொத்தம் 23 மணித்தியாலப் பறப்பு, அதில் தனியாகப் பறந்தது 2 மணி 40 நிமிடம். தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம் வேண்டும், அதில் 10 தனியாக. அதாவது பாதி வழி.

அவனுடைய முறை காலை 7.30க்கு. விமானம் வேறொரு பறப்பில் போய்ப் பிந்தித் திரும்பியது. அவன் ஏறும்போது 11 மணி ஆகிவிட்டது. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஓடுபாதை அது. விடியற்காலையில் காற்றுக் கொடி தொங்கிக்கொண்டு நிற்கும். 10 மணி தாண்ட, தரை சூடாகிக் கடற்காற்று இறங்கும். அன்றைக்கு இடப்பக்கம் 30 பாகையில் 8 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர்), இடையிடையே 14 நொட் வரை வீச்சு. பக்கத்திலிருந்து அடிக்கிற பங்கு கூடினால் 7 நொட். செஸ்னா 152ஐச் சோதனையில் இறக்கிக்காட்டிய குறுக்குக் காற்று 12 நொட். தாளில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பயிற்றுநர் பார்த்துத்தான் விட்டார். ஆனால் அவன் தனியாகப் பறந்த 2 மணி 40 நிமிடமும் காலைக் காற்றில்லா நேரத்தில் பறந்தவை. 14 நொட் வீச்சை அவன் தனியே சந்தித்தது அன்றுதான் முதல் தரம். இதைக் கேட்கிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

எழும்பி, ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது ஒரு சுற்று. முதல் இரண்டு சுற்றும் பரவாயில்லை. மூன்றாவதில் ஓடுபாதைக்குச் சமாந்தரமாக வந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெரிய விமானம் வருகிறது, சுற்றைச் சுருக்கி இறங்கு என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது. அவன் வழமையைவிட முந்தித் திரும்பினான். உயரம் கூட, தூரம் குறைவு. உயரத்தைக் குறைக்க மூக்கைக் கீழே போட்டான், வேகம் ஏறியது. மெதுவாக இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்குகிற ப்ளாப் 20 பாகையோடு நின்றுவிட்டது. கடைசி 10 பாகையைப் போட மறந்தான். ஓடுபாதை முகப்பைக் கடக்கும்போது மீற்றரில் 75 நொட். அவனுக்குப் பழக்கியது 60.

மிச்சத்தை அவனே சொன்னான். குளக்கட்டில், வேப்பமரத்துக்குக் கீழே, குச்சியால் மண்ணில் ஒரு நீளக் கோடு கீறிவிட்டு. பிளெயர் என்பது தரைக்குக் கிட்ட வந்ததும் மூக்கை மெல்ல நிமிர்த்துவது, யோக் என்பது அதைச் செய்கிற கைபிடி.

“பிளெயர் பண்ண மேல எழும்பிச்சுது மாமா. பிறகு இறங்கவே இல்லை. மிதந்துகொண்டே போகுது. பாதை முடிஞ்சிடும் எண்டு பயந்து யோக்கைக் கொஞ்சம் தள்ளினன்.”

“கொஞ்சமோ தம்பி?”

தன்னுடைய இடது கையைப் பார்த்தான். “தெரியாது. சக்கரம் பட்டவுடனை எறிஞ்ச மாதிரி மேல போச்சுது. திரும்பவும் தள்ளினன். ரெண்டாந்தரம் இன்னும் உயர எழும்பிச்சுது. அதுக்குப் பிறகு முன்னுக்குத் தார் மட்டும்தான் தெரிஞ்சுது.”

கோட்டில் மூன்று இடத்தில் குச்சியால் குத்தினான். முதல் குத்து முதல் மூன்றாவது குத்து வரை ஆறு செக்கன் இருக்கும் என்றான். மூன்றாவதில் முன்சக்கரம் முறிந்து, புரொப்பெல்லர் தாரை வெட்டி, மூக்கால் உழுதுகொண்டு போய் இடப்பக்கப் புல்லில் நின்றது. நின்றவுடன் எரிபொருள் கலவையை வெட்டி, எரிபொருள் வால்வைப் பூட்டி, மாஸ்டர் சுவிட்சை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிக் காற்று வரும் பக்கமாக விலகி நின்றிருக்கிறான். ஒரு பிழையும் இல்லை. தீப்பிடிக்கவில்லை. அறிக்கையில் இது ஒரு சொல்லாகக்கூட இல்லை என்பது எனக்கு மனவருத்தம்.

படங்கள் சொன்னவை

அவனுடைய நண்பன் ஒருவன் 14 படம் எடுத்து அனுப்பியிருந்தான். படம் பார்த்தே பாதி விஷயம் விளங்கும், பார்க்கத் தெரிந்தால்.

புரொப்பெல்லர் இலை இரண்டும் பின்பக்கமாக, எஞ்சினை நோக்கி வளைந்திருந்தன. எஞ்சின் பலத்தோடு இழுக்கும்போது நிலத்தில் அடித்தால் இலை நுனி முன்னுக்குச் சுருளும். பின்னுக்கு வளைந்தால் எஞ்சின் சும்மா சுழன்றுகொண்டிருந்தது என்று பொருள். எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலை மூடியிருந்தேன் என்று அவன் சொன்னதும் இதுவும் பொருந்துகிறது. அதாவது ஆறு செக்கனுக்குள் ஒருதரம்கூட அவன் த்ரொட்டிலைத் தொடவில்லை.

இரண்டாவது, தாரில் இலை வெட்டிய தழும்புகள். கத்தியால் வரிசையாகக் கொத்தினமாதிரி, ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில். ஒரு படத்தில் தழும்புக்குப் பக்கத்தில் அவனுடைய சப்பாத்து இருந்தது. அந்தச் சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லி அளந்தோம்: 28 சென்ரிமீற்றர். படத்தில் ஒரு தழும்பிலிருந்து அடுத்த தழும்புக்கு இரண்டே முக்கால் சப்பாத்துக்குச் சற்றுக் குறைவு. 76 சென்ரிமீற்றர் என்று வைத்தோம்.

சும்மா ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்றுச் சுழலும். இலை இரண்டு என்பதால் ஒரு செக்கனுக்கு 30 வெட்டு. 30 வெட்டும் 76 சென்ரிமீற்றரும் பெருக்கினால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 23 மீற்றர். அது 44 நொட். இது தரைவேகம். எதிர்க்காற்று ஏழெட்டு நொட்டையும் சேர்த்தால், மூன்றாவது அடி விழும்போது இறக்கைக்கு மேல் ஓடிய காற்று 50 நொட்டுக்கும் மேலே. எஞ்சின் சுற்று முன்பின்னாக இருந்தால் கணக்கும் முன்பின்னாகும், ஆனால் பெரிதாக மாறாது. செஸ்னா 152 ப்ளாப் முழுக்கப் போட்டால் 43 நொட்டிலும், ப்ளாப் இல்லாவிட்டால் 48 நொட்டிலும்தான் பிடியை இழக்கும், அதாவது இறக்கை அதைத் தூக்கிப்பிடிக்காமல் விடும்.

இந்த இடத்தில் நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்த விமானம் கடைசி அடி விழும் நொடி வரை பறக்கக்கூடிய நிலையில் இருந்திருக்கிறது. முதல் துள்ளலில் த்ரொட்டிலை முழுக்கத் தள்ளியிருந்தால் எழும்பியிருக்கும். இரண்டாவதிலும் எழும்பியிருக்கும். அவனுக்கு அதைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டான். அழட்டும் என்று விட்டேன்.

மூன்றாவது, மூக்கு. செஸ்னாவின் முன்சக்கரத் தண்டு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் பயர்வோல் என்ற தகட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. எஞ்சினும் அந்தத் தகட்டில்தான் தொங்குகிறது. பின்சக்கரம் இரண்டும் உருக்குக் கால். வளைந்து நிமிரும், எவ்வளவோ தாங்கும். முன்சக்கரம் ஓடும்போது திசை திருப்புவதற்கு. விழும் விமானத்தைத் தாங்குவதற்கு அல்ல. சிறிய விமானங்களின் வடிவமைப்பு விதி, செக்கனுக்கு 7 முதல் 10 அடி வேகத்தில் கீழே வந்து இருந்தால் தாங்கவேண்டும் என்று கேட்கிறது. 10 அடி என்பது 3 மீற்றர். ஒரு பொருளை அரை மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது கதிரை உயரத்திலிருந்து கைவிட்டால் அந்த வேகம் வந்துவிடும். இரண்டு மீற்றரிலிருந்து விட்டால் அதுவே இரட்டிப்பாகும். இறக்கை கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும், முழு விழுகை அல்ல. என்றாலும் அந்த இரட்டிப்பை ஒற்றைத் தண்டில் வாங்க எந்த மூக்காலும் முடியாது.

படத்தில் பயர்வோலின் கீழ்ப்பகுதி கசங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று வந்தது. ஒருமுறை வழமையான பரிசோதனைக்கு வந்த பயிற்சி விமானம் ஒன்றின் மூடியைக் கழற்றினேன். பயர்வோல் கீழே தகரம் நெளிந்தமாதிரி நெளிந்திருந்தது. குறிப்புப் புத்தகத்தில் கடும் தரையிறக்கம் என்று ஒரு வரியும் இல்லை. யாரோ ஒரு பிள்ளை துள்ளவிட்டு, வெட்கத்தில் சொல்லாமல், சாவியைக் கொழுவிவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் அந்த மூக்கை நம்பி ஏறினார்கள் என்று நினைக்க இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். துள்ளினால் சொல்லவேண்டும், சொன்னவரைத் திட்டக்கூடாது. இந்த இரண்டில் இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது.

ஊஞ்சல்

ஏன் ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிதானது? இதை விளங்கவைக்கத்தான் எனக்கு அரைநாள் பிடித்தது.

பின்சக்கரம் இரண்டும் விமானத்தின் பாரமையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கின்றன. அவை முதலில் தொட்டால் மூக்குத் தானாகக் கீழே சாயும், இறக்கை பிடியை விடும், விமானம் நிலத்தில் குந்தும். முன்சக்கரமோ பாரமையத்துக்கு முன்னால். அது முதலில் அடித்தால் மூக்கு மேலே எத்தப்படும். இறக்கை காற்றை இன்னும் நிமிர்ந்து வாங்கும். மிச்ச வேகம் இருந்தால் விமானம் திரும்பவும் பறக்கும். இது ரயர் ரப்பரின் துள்ளல் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி இறக்கையின் வேலை.

இனி ஓட்டுபவரின் கை. மூக்கு எழும்புவதைக் கண் கண்டு, பயம் வந்து, கை தள்ள ஒரு சிறு நேரம் எடுக்கும். அந்தத் தள்ளல் விமானத்தில் தெரிய இன்னும் கொஞ்சம். இதற்குள் மூக்குத் தானாகவே கீழே வரத் தொடங்கியிருக்கும். கீழே வரும் மூக்கை அவன் இன்னும் கீழே தள்ளுகிறான். அக்கா வீட்டுப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையை அதில் இருத்தி, ஊஞ்சல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே மருமகனைத் தள்ளச் சொன்னேன். இரண்டு தள்ளில் பிள்ளை உயரப் போனது. மூன்றாவதற்கு அவனே ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

“இதைத்தான் செய்தனானோ?”

“ஓம். நிறுத்தவேணும் எண்டுதான் தள்ளினனி. ஆனா அது போற பக்கமாத் தள்ளினனி.”

துள்ளினால் தள்ளக்கூடாது. சிறு துள்ளல் என்றால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் எஞ்சின் பலம் கொடுத்துத் திரும்ப மெல்ல இருத்தலாம். பெரிது என்றால், அல்லது எது என்று நிச்சயமில்லை என்றால், த்ரொட்டில் முழுக்க, எஞ்சினுக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடி உள்ளே, ப்ளாப் 30இல் இருந்தால் 20க்கு, 55 நொட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பவேண்டும். இறங்குவதை விட்டுவிட்டு இப்படி எழும்பித் திரும்பச் சுற்றி வருவதன் பெயர் கோ அரவுண்ட்.

அதற்கு ஒரு நிமிடம் முந்தி

தள்ளியது பிழைதான். ஆனால் விபத்து ஓடுபாதையில் தொடங்கவில்லை. முகப்பைக் கடக்க ஒரு நிமிடம் முந்தி, உயரமும் வேகமும் கூட இருந்தபோதே தொடங்கிவிட்டது.

அவனுக்குள் ஒரு நம்பிக்கை ஊறியிருந்தது: வேகம் கூட என்றால் பாதுகாப்புக் கூட. மெதுவாக வந்தால் விமானம் பிடியிழந்து விழும் என்று முதல் வகுப்பிலிருந்தே பயமுறுத்தியிருக்கிறார்கள். பயம் சரி, அளவு பிழை. அணுகும் வேகம் என்பது அந்த நிலையில் விமானம் பிடியிழக்கும் வேகத்தின் 1.3 மடங்கு, பாதுகாப்பு ஏற்கனவே அதற்குள் இருக்கிறது. வீசிவீசி அடிக்கும் காற்றென்றால் வீச்சில் கூடுகிற அளவின் பாதியைச் சேர்க்கலாம். அன்றைக்கு 8இலிருந்து 14க்குக் கூடியது 6 நொட், பாதி 3. 63 போதும். அவன் வந்தது 75இல். 60க்கும் 75க்கும் இடையில் 15 நொட் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 56 வீதம் கூட. அந்த 56 வீதத்தையும் எங்கேயாவது கொட்டித் தீர்த்தால்தான் விமானம் தரையில் நிற்கும்.

கொட்டவும் இலகுவில்லை. நிலத்துக்குக் கிட்ட வரும்போது இறக்கையின் இழுவை குறைகிறது. இறக்கை தன் நீளத்தின் கால் பங்கு உயரத்தில் இருக்கும்போது தூண்டப்பட்ட இழுவை, அதாவது தூக்கிப்பிடிப்பதால் வரும் இழுவை, கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்துவிடும். செஸ்னா 152இன் இறக்கை ஏறத்தாழ 10 மீற்றர். அப்படியென்றால் இறக்கை நிலத்திலிருந்து இரண்டரை மீற்றரில் இருக்கும்போது. மிதந்துகொண்டே போகுது என்று அவன் சொன்னது இதுதான். செக்கனுக்கு 35 மீற்றர் போகிற விமானம் பத்துச் செக்கன் மிதந்தால் 350 மீற்றர் பாதை பின்னால் போய்விடும். முன்னால் இருக்கிற பாதை சுருங்குவதைப் பார்த்துப் பயந்தான். பயத்தில் தள்ளினான்.

கண் எங்கே இருந்தது என்றும் கேட்டேன். மூக்குக்கு நேர் கீழே, தாரில். சூட்டோடு சூடாக அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் குளக்கட்டுக் கிறவலில் ஓடச் சொன்னேன். முன்சக்கரத்துக்கு முன்னால் மட்டும் பார்த்து ஓடச் சொன்னால் கிறவல் கரைந்து கோடாகிறது, வேகமும் உயரமும் பிடிபடாது, கைபிடி ஆடுகிறது. கட்டின் அந்தத் தொங்கலில் தெரிகிற துருசை, அதாவது மதகைப் பார்த்து ஓடச் சொன்னால் எல்லாம் தன்னிடத்தில் வந்துவிடுகிறது. பிளெயர் தொடங்கும்போது பார்வை ஓடுபாதையின் மறுமுனைக்குப் போகவேண்டும். பயந்தவனின் கண் காலடிக்கு வருவது இயல்பு. அதனால் அதைத் தனியாகப் பழக்கவேண்டும்.

பொழுதுசாயக் கூழைக்கடாக்கள் வந்தன. தண்ணீர் வற்றின நேரம், கரையோரம் சேறு. ஒவ்வொன்றாக நெஞ்சை நிமிர்த்தி, சிறகை அகல விரித்து, காலை முன்னுக்கு நீட்டி, வேகத்தைச் சிறகிலேயே தீர்த்துவிட்டுத் தண்ணீரில் வழுக்கி அமர்ந்தன. ஒன்று தாழ வந்து, என்ன பிடிக்கவில்லையோ, நாலு தரம் ஓங்கிச் சிறகடித்து எழும்பிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் எழும்பவில்லை

முகப்பில் 75 நொட்டைப் பார்த்தான். கூட என்று தெரிந்தது. பிறகும் ஏன் எழும்பவில்லை? என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையக் கேள்வி இதுதான், அறிக்கையில் இல்லாத கேள்வியும் இதுதான்.

முதல்நாள் கேட்டபோது தெரியாது என்றான். இரண்டாம் நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, கோழிக்கூட்டடியில் நின்றுகொண்டு தானாகச் சொன்னான்.

“பின்னால பெரிய விமானம் வருது மாமா. நான் எழும்பினா எல்லாரையும் குழப்பின மாதிரி. சேர் பிளேன் நிப்பாட்டுற எப்பிரனில நிண்டு பார்க்கிறார். அதோட ஒரு சுற்று எண்டா ஆறு நிமிசம். அந்த ஆறு நிமிசத்துக்கும் அப்பா கட்டோணும்.”

ஆறு நிமிடம். ஒரு மணித்தியாலத்தின் பத்தில் ஒரு பங்கு. பிள்ளை ஓடுபாதையை அல்ல, ஈடு வைத்த வயலைப் பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். இதை அத்தானிடம் நான்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் வாசல்படியில் இருந்தார். பிறகு அவனைக் கூப்பிட்டு, “காசை நான் பாப்பன். நீ சுத்து. எத்தினை தரமெண்டாலும் சுத்து,” என்றார். நான் பார்த்த திருத்த நடவடிக்கைகளில் பெரியது அதுதான்.

பின்னால் பெரிய விமானம் வந்தால் அதை எழும்பச் சொல்வது கோபுரத்தின் வேலை. சுற்றைச் சுருக்கச் சொன்னால் தனியாகப் பறக்கும் மாணவன் முடியாது என்று சொல்லலாம். ஒரு சொல்தான்: முடியாது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவரிடம், அதுவும் வேறு மொழியில், வானலையில், முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் பழக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் பழக்கவில்லை. சொன்னதைச் செய்வதுதான் நல்ல பிள்ளை என்று வளர்த்திருக்கிறோம். அதனால் பயிற்றுநர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை: தனியாக விட முன், கோபுரத்துக்கு முடியாது என்று சொல்ல வைத்துப் பழக்குங்கள். வாயால் சொல்ல வைத்து.

இன்னொன்றை அவனுடைய பறப்புகளைப் பதிகிற லொக் புக்கில் பார்த்தோம். அதில் 100க்கு மேற்பட்ட தரையிறக்கங்கள் பதிவாகியிருந்தன. பக்கம் பக்கமாக இருந்து, ஒவ்வொரு நாளையும் ஞாபகப்படுத்தி, எதில் பயிற்றுநரின் கை யோக்கில் பட்டது என்று கேட்டேன். ஆரம்பத்தில் எல்லாவற்றிலும். பிறகு மோசமாக வந்தவற்றில் மட்டும். கேட்கச் சரிபோல இருக்கும், ஆனால் அதற்குள்தான் ஓட்டை. மோசமாக வந்த ஒவ்வொன்றையும் வேறொரு கை சரிசெய்திருக்கிறது. ஒரு துள்ளலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தன் கையால் சமாளித்தது ஒருதரமும் இல்லை. கோ அரவுண்ட் ஆறு தரம் செய்திருக்கிறான், ஆறும் 300 அடி உயரத்தில், பயிற்றுநர் வாயால் சொன்ன பிறகு. சக்கரம் தொட்டுத் துள்ளிய இடத்திலிருந்து, தானாக முடிவெடுத்து எழும்பியது பூச்சியம். தெரியாத ஒன்றை ஆறு செக்கனுக்குள் கண்டுபிடிக்கச் சொல்லி அவனைத் தனியே அனுப்பியிருக்கிறார்கள்.

பயிற்றுநரையும் நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர் என்றுதான் அவனும் சொல்கிறான். எப்பிரனில் நின்று பார்த்தவரின் கையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்திருந்தால், வேகம் கூடி வருவதைக் கண்டவுடன் எழும்பு என்று ஒரு சொல் சொல்லியிருப்பார். அது இருக்கவில்லை. 7.30 முறை 11க்குத் தள்ளப்பட்டபோது, இன்றைக்கு வேண்டாம் நாளைக்குப் போ என்று சொல்ல யாருக்கும் ஒரு விதி இருக்கவில்லை. புதிதாகத் தனியே பறப்பவனுக்கு விமானத்தின் எல்லை போதாது. அவனுக்கென்று ஒரு காற்று எல்லை வேண்டும். அவன் சமாளித்துப் பழகியது எதுவோ அதுதான் அவனுடைய எல்லை, அதைப் பயிற்றுநர் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

மூன்று பக்கத்தில் இதையெல்லாம் எழுதி, சப்பாத்து வைத்து அளந்த கணக்கையும் சேர்த்து, அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். பயிற்றுநர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த நாள் காலை 7 மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஏறினாராம். ஓடுபாதையில் வேண்டுமென்றே மெல்லத் துள்ளவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, இனி நீ என்றாராம். பத்துத் தரம். முதல் மூன்றிலும் அவன் கை தள்ளத்தான் போனது. நாலாவதிலிருந்து த்ரொட்டிலுக்குப் போனது. முழுப் பலம் கொடுத்தவுடன் மூக்கு எவ்வளவு வேகமாக நிமிர்கிறது, அதைப் பிடித்து நிறுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பதும் அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உடைந்த விமானத்தின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புரொப்பெல்லர் தரையில் அடித்தால் அது கட்டாயம்.

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு போன் எடுத்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டா.

“இண்டைக்குத் தனியப் போனனான் மாமா. அஞ்சு தரம் வந்து நாலு தரம் இறங்கினன்.”

“ஐயோ, மற்றது என்ன நடந்தது?” என்றா அக்கா.

“ஒண்டுமில்லை அம்மா. 70இல வந்தன். எழும்பிட்டன்.”

லொக் புக்கில் இறங்கியதை எழுதப் பத்தி இருக்கிறது, எழும்பியதை எழுத இல்லை. குறிப்புப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒன்று என்று போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.